கணக்கு சரி, அட்டவணை தப்பு

இது போன வார எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது ஒரே விஷயத்தை ரெண்டு மூணு தடவை சொல்லியிருந்தேன், அதை வெட்டிட்டேன். எண்கள் வர்ற எபிசோட் என்கிறதால படிக்கவும் கேட்டிருந்தீங்க. காதுல கேட்டு எண்ணை நினைவுல வச்சுக்கறது கஷ்டம்தான். ஆனா ஒரு காலத்துல அப்படித்தான் வச்சிருந்தாங்க, அங்கதான் போகப்போறோம்.

முதல்ல என் கதை. முதல் வேலையில சேர்ந்த புதுசு. எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து அனுப்பணும்னு ஒரு ரிப்போர்ட். கணக்கை ஆர் மென்பொருள்ல போட்டேன். திரையில வந்த எண்களைப் பார்த்து வேர்ட் கோப்புல ஒரு அட்டவணையா நானே டைப் பண்ணேன். பதினாலு வரிசை, ஆறு பத்தி. ராத்திரி பதினொரு மணிக்கு மூல தரவுல ஒரு திருத்தம் வந்தது. மறுபடி ஓட்டினேன், மாறின வரிசைகளை மட்டும் கையால திருத்தினேன். அதுல ஒண்ணு விட்டுப்போச்சு. மறுநாள் மீட்டிங்ல ஒரு சீனியர் அக்கா பேனாவால கடைசி பத்தியைக் கூட்டிப் பார்த்துட்டு, "தம்பி, மொத்தம் உதைக்குதே"ன்னாங்க. அவங்க கூட்டிப் பார்க்கலைன்னா ஒரு ஊருக்குப் பாதி மருந்துதான் போயிருக்கும்.

கவனிங்க, கணக்குல தப்பே இல்ல. மென்பொருள் சரியாத்தான் சொன்னது. தப்பு நடந்தது கணக்குக்கும் காகிதத்துக்கும் நடுவுல இருக்கற ரெண்டு அடி தூரத்துல. அந்த ரெண்டு அடியோட வரலாறுதான் இந்த எபிசோட். அதுல பெரிய பகுதி நம்ம மயிலாப்பூரையும் நுங்கம்பாக்கத்தையும் சுத்தித்தான் நடந்திருக்குன்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது.

தெரிஞ்சது பாட்டியால. தாத்தாவோட திதி எந்த நாள்னு வீட்டுல வருஷா வருஷம் ஒரு சண்டை வரும். பாட்டி கையில வாக்கியப் பஞ்சாங்கம், பெரியப்பா கையில திருக்கணிதம். சில வருஷம் ரெண்டும் ஒரே நாளைச் சொல்லும். சில வருஷம் சொல்லாது. நம்ம ஊர்ல இது புதுசும் இல்ல. சனிப்பெயர்ச்சியையே எடுத்துக்கங்க. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. திருநள்ளாறு கோயில்ல வாக்கியப்படி 2026-லதான்னு அறிவிச்சாங்க. ஒரு வருஷ வித்தியாசம்! பாட்டி என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே கண்ணா, எது சரின்னு நீ சொல்லேன்"னா.

எது சரிங்கறதுக்குள்ள நான் போகலை, குடும்பத்துல இருக்கணும். ஆனா வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு ஏன் "வாக்கியம்"னு பேர்னு தேட ஆரம்பிச்சேன். வானியலுக்கும் வாக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?

வாக்கியம்னா நிஜமாவே வாக்கியம்தான். நிலா ஒவ்வொரு நாளும் எவ்வளவு நகர்ந்திருக்குங்கற அட்டவணையை சின்னச் சின்ன சமஸ்கிருத வாக்கியங்களா எழுதி வச்சிருக்காங்க. வரருசி பேர்ல வழங்கற தொகுப்புல மொத்தம் 248 வாக்கியம். ஏன் 248? நிலா பூமிக்கு ரொம்ப தூரமா போய் மறுபடி அதே தூரத்துக்கு வர சுமார் 27.55 நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்று போனா கிட்டத்தட்ட முழுசா 248 நாள். அதுக்கப்புறம் அட்டவணையைத் திரும்ப முதல்லேருந்து ஓட்டலாம்.

வாக்கியத்துலேருந்து எண்ணை எடுக்கறது கடபயாதி முறையில. க, ட, ப, ய நாலுக்கும் மதிப்பு 1, அப்புறம் வரிசையா ஏறும். உயிர்க்குறிக்கு மதிப்பு கிடையாது. வர்ற இலக்கங்களைப் பின்னாலேருந்து படிக்கணும். "மயிலை"ன்னு எடுத்துக்கங்க. ம 5, ய 1, ல 3. திருப்பினா 315. சபாவுக்குப் போறவங்களுக்கு இது ஏற்கனவே தெரியும். மேளகர்த்தா ராகப் பேர்கள்ல முதல் ரெண்டு எழுத்து இதே கணக்குதான். மாயாமாளவகௌளையில மா 5, யா 1, திருப்பினா பதினஞ்சாவது மேளம். டிசம்பர்ல தி.நகர் சபா கேன்டீன்ல அடை சாப்பிட்டுக்கிட்டே நாம டீகோட் பண்றது ஒரு வானியல் கோப்பு வடிவத்தைன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?

ஒரு எஞ்சினியரா இதைப் பார்த்தா எனக்கு சிலிர்க்குது. பனை ஓலையில எண்களைப் பத்தி பத்தியா எழுதி, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை நகல் எடுத்தா, ஒரு இலக்கம் மாறிப்போறது ரொம்ப சுலபம். மாறினது யாருக்கும் தெரியாது, ஏன்னா 3-க்குப் பதிலா 8 இருந்தாலும் பார்க்க எண் மாதிரிதான் இருக்கும். அர்த்தமுள்ள வாக்கியத்துல ஒரு எழுத்து மாறினா அர்த்தமே கெட்டுப்போகும், சொல்றவனுக்கே நாக்குல உறுத்தும். பிழையைக் காட்டிக்கொடுக்கற வடிவம்.

அதுக்குள்ள இன்னொரு சரிபார்ப்பும் இருக்கு. முதல் வாக்கியத்தோட மதிப்பு 12 பாகை 3 கலை. கடைசி, 248-ஆவது, 27 பாகை 44 கலை. நிலாவோட வேகம் அந்தச் சுற்றுல சமச்சீரா ஏறி இறங்கறதால, முதல் வாக்கியத்தையும் 247-ஆவதையும் கூட்டினா கடைசி வாக்கியத்தோட மதிப்பு கிட்டத்தட்ட வரணும். ரெண்டாவதும் 246-ஆவதும் அப்படியே. முழுச் சுற்று 360 பாகையைக் கழிச்சுட்டுப் பார்க்கணும், அவ்வளவுதான். எனக்கு மருந்து ரிப்போர்ட்ல அந்த அக்கா பண்ண வேலையை இந்த அட்டவணை தனக்குத்தானே பண்ணிக்க முடியும்.

இந்த முறையை விளக்கற "வாக்கியகரணம்"ங்கற நூலை டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பிச்சாங்க. 1962-ல வெளியிட்டது மயிலாப்பூர் குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம். சர்மா பிற்காலத்துல அடையார்ல ஒரு ஆய்வு மையமே நடத்தினார். நான் தினம் பஸ்ல தாண்டிப் போற ரோட்டுல இருந்து வந்த புத்தகம்.

இந்த அட்டவணை ஓடறதை நேர்ல பார்த்து எழுதி வச்சவர் ஜான் வாரன். பிரெஞ்சுக்காரரா பிறந்து, பிரிட்டிஷ் ராணுவத்துல அதிகாரி. நுங்கம்பாக்கத்துல இருந்த மதராஸ் வானாய்வகத்தைக் கொஞ்ச வருஷம் பார்த்துக்கிட்டவர். 1825-ல "கால சங்கலிதா"ன்னு ஒரு பெரிய புத்தகம் மதராஸ்ல அச்சிட்டார், நம்ம காலக்கணிப்பு முறைகள் பத்தி. அதுல பாண்டிச்சேரிக்காரர் ஒரு பஞ்சாங்கக் கணிதர் வர்றார். அந்த வருஷம் மே 31 ராத்திரி வர்ற சந்திர கிரகணத்தை அவர் கணிச்சுக் காட்டறார். காகிதம் இல்ல, பேனா இல்ல. தரையில சோழிகளை வச்சு நகர்த்திக்கிட்டே, வாக்கியங்களை மனசுலேருந்து சொல்லிக்கிட்டே போடறார். கிரகணம் ஆரம்பிக்கற நேரத்துல 4 நிமிஷம்தான் பிசகு. நடு நேரத்துல 23 நிமிஷம், முடியற நேரத்துல 52.

வாரனுக்கு ஒரு குறையும் இருந்தது. இந்த மனுஷனுக்கு இதுக்குப் பின்னால இருக்கற கோட்பாடு எதுவும் தெரியலையேன்னு. எனக்கு அது குறையாத் தெரியல. ஒரு லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணி ஃபங்ஷனைக் கூப்பிடற நம்மள்ல எத்தனை பேர் உள்ளே திறந்து பார்க்கறோம்?

அதே காலத்துல லண்டன்ல என்ன நடந்தது? இங்கிலாந்துக் கப்பல்கள் நாட்டிகல் அல்மனாக்ங்கற அட்டவணைப் புத்தகத்தை நம்பித்தான் கடல்ல போச்சு, 1767-லேருந்து. அதைக் கணிச்சவங்க வீட்டுல உட்கார்ந்து கூலிக்கு வேலை பார்த்தவங்க. ஒரே மாசத்தை ரெண்டு பேர் தனித்தனியா போடணும், மூணாவது ஆள் ஒப்பிடணும். ஒரு தடவை ரெண்டு பேர் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிட்டாங்க. ரெண்டுலயும் ஒரே தப்பு. ஒப்பிட்டவர் கண்டுபிடிச்சார், ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. எக்ஸாம் ஹால் நியாயம்தான்.

1821-ல சார்லஸ் பாபேஜும் ஜான் ஹெர்ஷலும் இப்படி ஒரு வானியல் அட்டவணையைச் சரிபார்க்கும்போது தப்பு மேல தப்பு. இதையெல்லாம் நீராவியே போட்டுட்டா என்னன்னு பாபேஜ் சலிச்சுக்கிட்டதுலேருந்துதான் டிஃபரன்ஸ் எஞ்சின் பிறந்ததுன்னு நமக்கு காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்க. சொல்லாம விட்ட பாதி முக்கியமானது. மெஷின் சரியா கணிச்சாலும், ஒரு மனுஷன் அதைப் பார்த்து எழுதி, இன்னொருத்தன் அச்சு கோர்த்தா, தப்பு அங்க நுழைஞ்சிடும். அது பாபேஜுக்குத் தெரிஞ்சிருந்தது. அதனால மெஷினே அச்சு வார்க்கற பலகையைக் குத்தித் தரணும்னு வடிவமைச்சார். 1847-லேருந்து அவர் வரைஞ்ச இரண்டாம் எஞ்சினை லண்டன் சயன்ஸ் மியூசியம் நம்ம காலத்துல கட்டி முடிச்சது. கணக்குப் பகுதி 1991-ல, அச்சுப் பகுதி 2002-ல. மொத்தம் 8,000 உறுப்பு, அதுல பாதி அச்சுப் பகுதிக்கே! அதுல எத்தனை பத்தி, ஓரத்துல எவ்வளவு இடம், வரிக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி, எத்தனை வரிக்கு ஒரு தடவை வெறும் வரி, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, எல்லாத்தையும் மாத்தி வைக்கலாம்.

உலகத்துல முதல் கம்ப்யூட்டர்னு நாம கொண்டாடற குடும்பத்துல ஒரு மெஷின், அதோட பாதி உடம்பு அட்டவணை ஏற்றுமதிக்கு. அடுத்த தடவை "ஃபார்மேட்டிங்தானே, கடைசியில பார்த்துக்கலாம்"னு மேனேஜர் சொன்னா இதைச் சொல்லுங்க.

வடிவம் வெறும் அலங்காரம் இல்லைங்கறதுக்கு இன்னொரு சாட்சி நம்ம ராமானுஜன். ஒரு எண்ணை எத்தனை விதமா பிரிச்சுக் கூட்டலாம்னு மேக்மஹன் 200 வரைக்கும் கையால கணிச்ச அட்டவணை அவர்கிட்ட இருந்தது. அதைப் பார்த்துத்தான் சில விசித்திரமான வகுபடும் தன்மைகளைக் கவனிச்சேன்னு அவரே எழுதியிருக்கார். நீங்களும் பண்ணிப் பாருங்க. 1, 1, 2, 3, 5. அடுத்த வரி 7, 11, 15, 22, 30. அடுத்தது 42, 56, 77, 101, 135. அஞ்சு பத்தியா அடுக்கினா கடைசி பத்தி முழுக்க அஞ்சால வகுபடும். ஆறு பத்தியா அடுக்கியிருந்தா கண்ணுல சட்டுனு படாது.

சரி, மதராஸுக்குத் திரும்பி வருவோம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்துல அட்டவணைதான் தொழில். டி.ஜி. டெய்லர் 1844-ல முடிச்ச பட்டியல்ல 11,015 நட்சத்திரம். பின்னால அங்க வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சார். பகல்ல அலுவலகத்துல நாட்டிகல் அல்மனாக், வெளியில பஞ்சாங்கம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பிசகு தினம் கண்ணுல பட்டா என்ன செய்வார்? கண்ணால பார்க்கறதோட ஒத்துப்போற திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் போட்டார். எங்க வீட்டு சண்டைக்கு வயசு நூத்தம்பதுன்னு வச்சுக்கங்க.

எனக்குப் பிடிச்சவர் அடுத்து வர்றவர். எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை. மதராஸ் அரசாங்க அதிகாரி, கடைசியில சட்டமன்றத் தலைவரா இருந்து 1925-ல இறந்தவர். 1922-ல அவரோட "இந்தியன் எஃபிமெரிஸ்" மதராஸ் அரசு அச்சகத்துல வெளிவந்தது. கி.பி. 700-லேருந்து 1799 வரைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கிழமை, திதி, நட்சத்திரம். ஆயிரத்து நூறு வருஷம்னா 4 லட்சம் நாளுக்கு மேல. கணிச்சதும் கை, அச்சு கோர்த்ததும் கை.

யாருக்கு வேணும் இது? கல்வெட்டு படிக்கறவங்களுக்கு. ஒரு கோயில் சுவர்ல ராஜாவோட ஆட்சியாண்டு, மாசம், கிழமை, நட்சத்திரம் இருக்கும். கி.பி. எத்தனைன்னு இருக்காது. இவரோட பக்கத்தைத் திறந்து, எந்த வருஷத்துல அந்த மாசம் அந்த நட்சத்திரமும் அந்தக் கிழமையும் ஒண்ணா வருதுன்னு பார்த்தா தேதி மாட்டும். சோழ, பாண்டிய ராஜாக்களோட காலவரிசை இப்படிப்பட்ட அட்டவணைகள் மேல நிக்குது. ஒரு கிழமை தப்பா அச்சாகியிருந்தா ஒரு ராஜா நகர்ந்திருப்பார்.

அதுல அவர் எடுத்த ஒரு முடிவைப் பாருங்க. திதி முடியற நேரத்தை நாழிகையில போடாம, நாளோட தசம பின்னமா போட்டார். நாழிகைன்னா நாள்ல அறுபதுல ஒரு பங்கு, 24 நிமிஷம். கூட்டினா அறுபதுல கடன் வாங்கணும். தசமத்துல சாதாரணமா கூட்டிட்டுப் போகலாம், பக்கத்துலயும் இடம் கம்மி. யார் எப்படிப் படிப்பாங்கன்னு யோசிச்சு வச்ச பத்தி அது. சிலப்பதிகாரத்துல மதுரை எரிஞ்ச நாளை இதே மாதிரி கணிச்சு கி.பி. 756-ன்னார், அதைப் பலர் ஏத்துக்கல. அட்டவணை சரியா இருக்கறது வேற, அதுல எந்த வரியைப் படிக்கறோம்ங்கறது வேற.

கம்ப்யூட்டர் வந்தப்புறம் இந்த ரெண்டு அடி மறைஞ்சிருக்கணும் இல்லையா? மறையல. மெயின்ஃப்ரேம் கோடு போட்ட காகிதத்துல எண்ணைத் துப்பும், டைப்பிஸ்ட் மறுபடி அடிப்பார். தன் புத்தகத்தோட புது அச்சுப் படியைப் பார்த்து மனசு வெறுத்துப்போய் 1977-ல டொனால்ட் கனூத் டெக்ஸ் எழுத ஆரம்பிச்சார். ஆர் மொழியை நியூசிலாந்து ஆக்லாந்துல ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கினாங்க. 2002-ல ஃப்ரீட்ரிக் லைஷ் "ஸ்வீவ்" கொண்டுவந்தார். கட்டுரைக்குள்ளயே கணக்கை எழுதி வச்சுடு, ஆவணத்தை உருவாக்கும்போது கணக்கு ஓடி அட்டவணை தானா உள்ள உட்காரும். 2012-ல ஈஹுவே ஷியே அதையே "நிட்ஆர்"னு சுலபமாக்கினார், வலைப்பக்கத்துக்கும் வார்த்தைக் கோப்புக்கும் ஒரே மூலத்துலேருந்து. பாபேஜோட அச்சுப் பகுதி, நூத்தம்பது வருஷம் லேட்டா, 5 டன் இரும்பு இல்லாம.

இதெல்லாம் இருந்தும் நான் கையால டைப் பண்ணேன். ஏன்? யாரும் சொல்லித்தரல, அவ்வளவுதான்.

நம்ம ஊருக்குன்னு சில தொல்லை உண்டு, ஆரம்பிக்கறவங்களுக்காகச் சொல்றேன். தமிழ்ல பத்தித் தலைப்பு வச்சு பிடிஎஃப் எடுத்தா பழைய பிடிஎஃப்லேடெக்ஸ் கையை விரிச்சிடும். ஜீலேடெக்ஸுக்கு மாறி, ஒரு தமிழ் எழுத்துருவைச் சொல்லிக் கொடுங்க. அடுத்தது லட்சக் கமா. 1,00,000-ன்னு நாம போடற கமாவை பல தொகுப்புகள் வெளிநாட்டு முறையில 100,000-ன்னு போட்டுடும். ஆர்ல "ஜிடி"ங்கற தொகுப்புல இந்திய முறைன்னு ஒரு தேர்வே இருக்கு. ஆனா அந்தக் கமா படிக்கறவருக்குப் போற அட்டவணையில மட்டும் இருக்கட்டும். சிஎஸ்வி கோப்புல மேற்கோள்குறி இல்லாம நுழைஞ்சா ஒரு எண் மூணு பத்தியா உடைஞ்சிடும். எக்ஸெல் பண்ற அட்டகாசம் தனி. மார்ச்1-ன்னு ஒரு மரபணுவுக்குப் பேர் இருந்தது. எக்ஸெல் அதைத் தேதியா மாத்திடும். எக்ஸெல்ல மரபணுப் பட்டியல் இணைச்ச கட்டுரைகள்ல சுமார் அஞ்சுல ஒண்ணுல இந்த மாதிரி பிழைன்னு 2016-ல ஒரு ஆய்வு சொன்னது. எக்ஸெலைத் திருத்த முடியாம, 2020-ல மரபணுக்களுக்கே பேரை மாத்திட்டாங்க.

இப்ப பாட்டி கேட்ட கேள்விக்கு வர்றேன். எது சரின்னு தீர்ப்பு சொல்லாம, அடுத்த பத்து வருஷத்துக்கு தாத்தா திதி எந்தெந்த நாள்னு ஆர்ல கணிச்சு, ஒரே பக்க அட்டவணையா எடுத்துத் தரேன்னு ஒத்துக்கிட்டேன். இந்தத் தடவை ஒரு எண்ணைக்கூட கையால தொடல. நிலா, சூரியன் நிலையிலேருந்து திதி முடியற நேரம் வரைக்கும் எல்லாம் கோடு. தமிழ்ல தலைப்பு, பாட்டி கண்ணுக்குப் பதினெட்டு புள்ளி எழுத்து, வரி விட்டு வரி லேசான நிறம். லஸ் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில அச்செடுத்து, பெருமையா கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பெரியப்பாவோட திருக்கணிதத்தைப் பக்கத்துல வச்சு, விரலால ஒவ்வொரு வரியா தடவிக்கிட்டே வந்தா. மூணாவது வரியில நின்னா. "இது ஒரு நாள் முன்னாடி இருக்கே?" நான் சிரிச்சேன், பாட்டி, இது கம்ப்யூட்டர் போட்டது. அவ விடலை. எல்லா வரியிலும் திதி முடியற நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தா. பெரியப்பா பஞ்சாங்கத்தைவிட ஒவ்வொண்ணும் அஞ்சரை மணி நேரம் முன்னாடி.

அஞ்சரை மணி நேரம்னு அவ வாயால சொன்னதும் எனக்கு முகம் சிவந்துபோச்சு. கணக்கு எல்லாம் சரி. ஏற்றுமதி பண்ற கடைசி வரியில நேர மண்டலத்தைச் சொல்ல மறந்துட்டேன், அட்டவணை கிரீன்விச் நேரத்துல வெளியில வந்திருக்கு. பெரும்பாலான வருஷம் நாள் மாறல. ஒரு வருஷம் மாறிடுச்சு.

ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினேன், ஜெராக்ஸ் கடைக்கு மறுபடி போனேன். புது அட்டவணை இப்ப பாட்டி வீட்டு பூஜை அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கு. கீழ அவ பேனாவால ஒரு பத்தி சேர்த்திருக்கா, வாக்கியப்படி எந்த நாள்னு.